அக்காவின் நாற்பது நிமிடம்

நேற்று காலை ஸ்டேஷனில் நின்றுகொண்டிருந்தேன். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மாமா ஒரு வீடியோ போட்டிருந்தார். காந்த சக்தியில் மிதந்து ஓடும் ஜப்பானின் தொடர்வண்டி மணிக்கு 603 கிலோமீட்டரைத் தொட்ட காட்சி, 2015 ஏப்ரலில் எடுத்தது. அதைப் பார்த்து முடிப்பதற்குள் தலைக்கு மேலிருந்த பலகையில் எங்கள் ரயிலின் நேரம் 6.42 போய் 6.55 ஆனது. அப்புறம் அதுவும் போய் 7.10. ஏன் என்று ஒலிபெருக்கியில் ஒரு வார்த்தை இல்லை.

என் பக்கத்தில் தினமும் நிற்கும் அக்காவுக்கு கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் பக்கம் ஓர் அலுவலகக் கட்டடத்தில் துப்புரவு வேலை. எட்டு மணிக்குப் பஞ்ச் கார்டு. அடுத்த வண்டியைப் பிடித்தாலே அவருக்குப் போதும். ஆனாலும் 6.42-க்குத்தான் வருவார். "என்னைக்கு லேட்டாகும்னு யாருக்குத் தெரியும் தம்பி? போன மாசம் ரெண்டு தடவை சம்பளத்துல வெட்டிட்டாங்க" என்றார். ரயில் ஒழுங்காக வந்த நாளில் பேன்ட்ரியில் நாற்பது நிமிடம் சும்மா உட்கார்ந்திருப்பாராம்.

அந்த நாற்பது நிமிடம்தான் என்னை உறுத்துகிறது. தாமதமான ரயில்களை மட்டும்தான் கணக்கில் எழுதுகிறார்கள். ரயில் நேரத்துக்கு வரும் என்று நம்ப முடியாமல் முன்கூட்டியே கிளம்பியவரின் நேரத்தை யாரும் எழுதுவதில்லை. வாரம் ஆறு நாள், நான்கு மணி நேரம். அவருடைய தூக்கம் அது, சின்ன மகளுக்குத் தலை பின்னிவிடும் நேரம் அது. கார் வைத்திருப்பவர் நெரிசலில் மாட்டினாலும் தன் வண்டியில் ஏசி போட்டு உட்கார்ந்திருக்கிறார். ரயிலை விட்டால் வேறு வழியில்லாதவர்தான் தூக்கத்தைக் கொடுத்து நேரத்தை வாங்குகிறார்.

வேக சாதனைகளை நான் குறைத்துச் சொல்லவில்லை. 2007 ஏப்ரல் 3 அன்று பிரான்சின் டிஜிவி அதிவேக ரயில் மணிக்கு 574.8 கிலோமீட்டர் வேகத்தில் ஓடியது. சக்கர ரயிலில் அதை இன்றுவரை யாரும் தாண்டவில்லை. ஆனால் அது எப்படி நடந்தது என்றும் பார்க்க வேண்டும். இரண்டு எஞ்சின்களுக்கு நடுவே மூன்றே பெட்டிகள். வழக்கத்தைவிடப் பெரிய சக்கரங்கள். மின்சார மேல்கம்பியில் 25,000 வோல்ட்டை 31,000-க்கு ஏற்றி, கம்பியையும் கூடுதலாக இழுத்துக் கட்டினார்கள். அதே பாதையில் பயணிகளை ஏற்றிக்கொண்டு ஓடும் ரயிலின் வேகம் 320. சாதனை ஒரு நாள் வேலை, ஒரு ரயிலின் வேலை.

ஜப்பானைப் பார்த்து நான் பொறாமைப்படுவது 603-க்காக இல்லை. அந்தக் காந்த ரயில் இன்னும் பயணிகள் சேவைக்கே வரவில்லை. 1964-இல் தொடங்கப்பட்ட டோக்கியோ-ஒசாகா ஷின்கான்சென் அதிவேக ரயிலை இன்று ஓட்டுவதும் அந்தக் காந்த ரயிலைச் சோதிக்கும் அதே ஜேஆர் சென்ட்ரல் நிறுவனம்தான். புயல், மழையால் வரும் தாமதத்தையும் சேர்த்தே ஒரு ரயிலுக்குச் சராசரி ஓரிரு நிமிடம்தான். நள்ளிரவிலிருந்து காலை ஆறு மணிவரை அங்கே ஒரு பயணிகள் ரயிலும் ஓடாது, தண்டவாளம் பராமரிப்பு ஆட்களுக்குத்தான். 'டாக்டர் யெல்லோ' என்று ஒரு மஞ்சள் ரயில் பல ஆண்டுகள் ஓடியது. சுமார் பத்து நாளுக்கு ஒருமுறை, 270 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டே தண்டவாளத்தையும் மேல்கம்பியையும் அளந்து வந்தது. அதைக் கண்ணால் பார்த்தாலே அதிர்ஷ்டம் என்பார்களாம். பழுது இருக்கிறதா என்று பார்க்கப் போகும் ரயிலுக்கு அப்படி ஒரு மரியாதை!

நம் ஊரில் அந்த வேலைக்குப் பெயரே இல்லை. கோலாலம்பூர்-சிங்கப்பூர் அதிவேக ரயிலுக்கு 2016-இல் ஒப்பந்தம் போட்டபோது 350 கிலோமீட்டரை 90 நிமிடத்தில் கடக்கலாம் என்று எல்லாரும் பேசினோம். 2020 முடிவில் அது ரத்தானது, இப்போது மறுபடி பேச்சு அடிபடுகிறது. வரட்டும், நானும் ஏறுவேன். ஆனால் சிக்னல் கேபிளை மாற்றுவதற்கு, மாற்று உதிரிப்பாகம் கையிருப்பில் வைப்பதற்கு ரிப்பன் வெட்டும் விழா கிடையாது. அதனாலேயே அது பட்ஜெட்டில் பின்னால் தள்ளப்படுகிறது என்பது என் கருத்து. 1885-இல் தைப்பிங்கில் முதல் பாதை போட்ட காலத்திலிருந்து இந்த நாட்டு ரயிலில் நம் ஆட்களின் வியர்வை இருக்கிறது. கட்டை சுமந்தவர்களும் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவர்களும் நம் தாத்தாக்கள். ஆகவே கேட்க நமக்கு உரிமை உண்டு: தாமதம் என்றால் காரணத்தை உடனே சொல்லுங்கள். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் மாதாமாதம் உண்மையான கணக்கை ஒட்டுங்கள். முதலில் 6.42-ஐ 6.42-க்கே கொண்டுவாருங்கள்.

7.10-க்கு வந்த வண்டியில் கால் வைக்க இடமில்லை. எப்படியோ நெருக்கிக்கொண்டு ஏறினோம். ஜப்பானில் ரயில் ஐந்து நிமிடம் தாமதமானாலே முதலாளியிடம் காட்டுவதற்கு ரயில் நிறுவனமே ஒரு சீட்டுக் கொடுக்கும் என்று அக்காவிடம் சொன்னேன். அவர் கைப்பையை மார்போடு அணைத்தபடி கொஞ்ச நேரம் யோசித்தார்.

"போன மாசத்துக்கும் சேத்துக் குடுப்பாங்களா தம்பி?"