அந்த 'ஹி' யாருங்க?

மூணு வரி. வருஷம் பூரா நான் உழைச்சதைப் பத்தி மேனேஜர் என் அப்ரைசல் ஃபார்ம்ல எழுதினது மொத்தமே மூணு வரி. அதுல ரெண்டு இடத்துல இங்கிலீஷ்ல 'ஹி'ன்னு இருக்கு. நான் பொம்பளைங்க! எட்டு வருஷமா அதே டீம்ல, அவர் சீட்டுக்கு நாலு சீட்டு தள்ளி உட்கார்ந்திருக்கிறவ. யாரோ ஒரு பையனுக்கு எழுதினதை அப்படியே எடுத்து என் ஃபார்ம்ல ஒட்டியிருக்கார். ஒரு தடவை படிச்சுக்கூடப் பார்க்காம சப்மிட் அடிச்சிருக்கார்.

அந்த மூணு வரிக்காக நான் எவ்வளவு எழுதினேன் தெரியுமா? செல்ஃப் அப்ரைசல். ஆறு கோல். ஒவ்வொண்ணுக்கும் என்ன செஞ்சே, எப்படிச் செஞ்சே, ஆதாரம் எங்கேன்னு கேள்வி. பொண்ணைத் தூங்க வெச்சுட்டு, ராத்திரி பதினோரு மணிக்கு மேல, மூணு நாள் உட்கார்ந்து எழுதினேன். தீபாவளிக்கு முந்தின ராத்திரி, தானா ஓட வேண்டிய பேட்ச் ஜாப் ஃபெயில் ஆனதையும் எழுதினேன். விடியக்காலை அஞ்சு மணி வரைக்கும், எல்லாரும் சேர்ந்து பேசுற பிரிட்ஜ் கால்ல இருந்தேன். வீட்டுல எல்லாரும் எண்ணெய் தேய்ச்சுக் குளிக்கிறாங்க, நான் ஹெட்செட்டை மாட்டிக்கிட்டு லாக் பார்த்துக்கிட்டிருக்கேன். தெருவுல வெடி வெடிக்குது. 'பேக்ரவுண்ட் சத்தம் கேக்குது, மியூட்ல போடு'ன்னு மெசேஜ் அனுப்பினவரும் இதே மேனேஜர்தான். டிக்கெட் நம்பர் முதற்கொண்டு போட்டிருந்தேன். அதை அவர் திறந்துகூடப் பார்க்கலைன்னு இப்போ அந்த 'ஹி' சொல்லிடுச்சு.

சரி, டிஸ்கஷன் கதைக்கு வரேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஞ்சரைக்கு இன்வைட். எங்க பஸ் ஆறே காலுக்கு சிறுசேரியில இருந்து கிளம்பிடும், அது அவருக்கு நல்லாத் தெரியும். அஞ்சு இருபத்தெட்டுக்கே போய் உட்கார்ந்துட்டேன். 'வைகை'ன்னு பேர் வெச்ச கண்ணாடி ரூம். ஏசி பதினெட்டுல ஓடுது, ரிமோட்டைக் காணோம். அஞ்சரை ஆச்சு. அஞ்சே முக்கால் ஆச்சு. வெளியே டீம்ல எல்லாரும் பையை மாட்டிக்கிட்டு, கண்ணாடி வழியா என்னைப் பாவமாப் பார்த்துக்கிட்டே கிளம்புறாங்க. அஞ்சு ஐம்பத்திரண்டுக்கு வந்தார். கையில ஒரு டீ. அவருக்கு மட்டும்.

"சாரிமா, அடுத்தடுத்து கால்."

அந்த 'மா'! கிளையன்ட் முன்னாடி பேர் சொல்லித்தான் கூப்பிடுவார். என்கிட்ட இருந்து எதையாவது பிடுங்கப் போறார்னா மட்டும் 'மா' வந்துடும். லீவைக் கேன்சல் பண்ணச் சொல்றப்போ 'மா'. சனிக்கிழமை டெப்ளாய்மென்ட்டுக்கு ஆள் வேணும்னா 'மா'. அப்பவே வயித்தைப் பிசைய ஆரம்பிச்சிடுச்சு.

"நீயே சொல்லுமா, உனக்கு என்ன ரேட்டிங் கொடுக்கலாம்?"

நான் நம்பிட்டேங்க. நிஜமாவே கேக்கிறார்னு நம்பி, "பி"ன்னு சொன்னேன். ஏன்னு கேட்டார். சொன்னேன். மைக்ரேஷனைச் சொன்னேன், ரெண்டு ஃப்ரெஷர்ஸை வேலை பழக்கினதைச் சொன்னேன், தீபாவளியைச் சொன்னேன். தலையை ஆட்டிக்கிட்டே இருந்தார். நடுவுல ஒரு வாய் டீ. பேசிக்கிட்டே எதேச்சையா அவருக்குப் பின்னாடி பார்த்தேன். கண்ணாடிச் சுவர்ல அவர் லேப்டாப் ஸ்க்ரீன் தெரியுது. இடம் வலம் மாறி, என் பேர் இருக்கிற வரிசை மஞ்சள் கலர்ல நிக்குது. பக்கத்துல ஒரே எழுத்து. 'சி'. அதுக்குப் பக்கத்துல குட்டியா ஒரு பூட்டுப் படம்.

ஏற்கெனவே பூட்டியாச்சு! பூட்டி வெச்சுட்டுத்தான் என்னைக் கேக்கிறார். என் வாயால என் மதிப்பைச் சொல்ல வெச்சு, பத்து நிமிஷம் கேட்டுக்கிட்டு, அப்புறம் குறைக்கிறார். நேரா 'சி'ன்னு சொல்லியிருந்தா அன்னைக்கு ராத்திரி அழுதிருப்பேன், அதோட முடிஞ்சிருக்கும். இப்படிக் கெஞ்ச விட்டதை மறக்கவே முடியலை.

"எல்லாம் சூப்பர்மா. ஆனா நார்மலைசேஷன்ல சி ஆயிடுச்சு."

ஆயிடுச்சாம். மழை பெய்ஞ்ச மாதிரி, வெயில் அடிச்ச மாதிரி, தானா ஆயிடுச்சாம்.

"யார் ஆக்கினது?"

"நான் பிதான் போட்டேன். மேல மாத்திட்டாங்க."

"மேலன்னா யாரு?"

"ஒருத்தர்னு இல்லமா, கமிட்டி. பெல் கர்வ்ல பொருந்தணும்ல? சிஸ்டமே விடாது."

பெல் கர்வ்னா, இத்தனை பேர் மேல, இத்தனை பேர் நடுவுல, இத்தனை பேர் கீழேன்னு முன்கூட்டியே வகுத்து வெச்ச அளவு. எல்லார் ரேட்டிங்கையும் அதுக்குள்ள அடக்குறதுக்குப் பேர்தான் நார்மலைசேஷன்.

திங்கட்கிழமை எச்ஆர்கிட்டப் போய் நின்னேன். அந்தப் பொண்ணு ஸ்க்ரீனைப் பார்த்துட்டு, "உங்க மேனேஜர் ரெக்கமெண்ட் பண்ணினதுதான் இருக்கு"ன்னு சொல்லுது. மேனேஜரைக் கேட்டா கமிட்டி, கமிட்டியைக் கேட்டா சிஸ்டம், எச்ஆரைக் கேட்டா மேனேஜர். ரேட்டிங்கைப் பொறுத்து வர்ற என் வேரியபிள் பேவை வெட்டினது ஒரு மனுஷன்தானே? ஏதோ ஒரு ரூம்ல, ஏதோ ஒரு மத்தியானம், 'இவளைக் கீழே இறக்கு'ன்னு ஒரு வாய் சொல்லியிருக்கும்ல? அந்த வாய் யாருதுன்னு சொல்ல இத்தனாயிரம் பேர் வேலை பார்க்கிற கம்பெனியில ஒரு ஆள் இல்லை.

வெள்ளிக்கிழமை அந்த ரூம்ல, "உலகம் பூரா இப்படித்தான்மா"ன்னு மேனேஜர் வேற சமாதானம். எந்த உலகம் சார்? ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியில தலைவரா இருந்த ஜாக் வெல்ச் ஆரம்பிச்சு வெச்ச வியாதி இது. மேல இருபது சதவீதம், நடுவுல எழுபது, கீழே பத்துன்னு ஊழியர்களைக் கூறு போட்டு, அந்தப் பத்தை வெளியே அனுப்புறது. அதே மாதிரி கூறு போட்டுக்கிட்டிருந்த மைக்ரோசாஃப்ட் 2013ல வேண்டாம்னு தூக்கிப் போட்டுடுச்சு. இங்கே இன்னமும் படையல் நடக்குது. பத்து பேர் இருக்கிற டீம்ல பத்து பேரும் நல்லா வேலை செஞ்சா, ஒருத்தர் மோசம்னு எழுதியே ஆகணுமாம். இது என்ன கணக்கு? அந்த ஒருத்தர் மகப்பேறு லீவ்ல போனவங்களா இருப்பாங்க, இல்லேன்னா எதிர்த்துக் கேள்வி கேட்டவங்களா இருப்பாங்க. எட்டு வருஷத்துல இதை நான் திரும்பத் திரும்பப் பார்த்துட்டேன்.

கடைசியா, எழுந்திரிக்கிற நேரத்துல சொல்றார்: "நாராயணமூர்த்தி சாரே வாரம் எழுபது மணி நேரம் உழைக்கணும்னு சொல்றார்மா. நீ இன்னும் கொஞ்சம் விசிபிளா இருக்கணும்." இன்ஃபோசிஸ் நிறுவனர்கள்ல ஒருத்தரான அவர் 2023ல எழுபதுன்னு சொன்னார். 2025ல எல் அண்ட் டி தலைவர் தொண்ணூறுன்னார், வீட்டுல உட்கார்ந்து மனைவி முகத்தை எவ்வளவு நேரம் பார்ப்பீங்கன்னும் கேட்டார். நான் வீட்டுல யார் முகத்தைங்க பார்க்கிறேன்? தோசைக்கல்லைப் பார்க்கிறேன், பொண்ணோட ஹோம்வொர்க் நோட்டைப் பார்க்கிறேன், பத்து மணிக்கு மேல மறுபடியும் இவங்க லேப்டாப்பைப் பார்க்கிறேன். தமிழ்நாடு கடைகள் நிறுவனங்கள் சட்டம் 1947லேயே எழுதி வெச்சிருக்கு: நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48. கூடுதல் நேரத்தைச் சேர்த்தாலும் வாரத்துக்கு 54ஐத் தாண்டக் கூடாது, அந்தக் கூடுதலுக்கு ரெட்டைச் சம்பளம். இதை அந்த ரூம்ல சொல்ல எனக்கு வாய் வரலை. அதுதான் எரியுது.

எங்க ஸ்வைப் கணக்கு தெரியுமில்ல? ஓடிசின்னு சொல்ற எங்க வேலை ஹால் கதவைத் தாண்டி சாப்பிடப் போனா அந்த நேரம் கழிஞ்சிடும். மாசக் கடைசியில சராசரி கொஞ்சம் குறைஞ்சாலும் மெயில் வந்துடும். ஆனா தீபாவளிக்கு முந்தின ராத்திரி வீட்டுல இருந்து பார்த்த ஏழு மணி நேரம் எந்தக் கணக்குலயும் ஏறலை. அங்கே ஸ்வைப் பண்ணக் கதவு இல்லையே.

பேப்பர் போட்டுட்டுப் போன்னு சொல்வீங்க. போடலாம். தொண்ணூறு நாள் நோட்டீஸ். வெளியே கூப்பிடுறவன் பதினஞ்சு நாள்ல வான்னு சொல்றான். வீட்டு லோன் மாசாமாசம் அஞ்சாம் தேதி போகுது. என் கையெழுத்தை வாங்கறப்போ பக்கம் பக்கமா நீட்டினாங்க, அந்தத் தொண்ணூறை மட்டும் யாரும் தொட்டுக் காட்டலை.

அந்த 'ஹி'யைத் திருத்தச் சொல்லி ரெண்டு மெயில் போட்டேன். 'ஃபார்ம் ஃப்ரீஸ் ஆயிடுச்சு'ன்னு பதில் வந்தது. மறுபடியும் ஆயிடுச்சு! என் பேர்ல, என் எம்ப்ளாயி ஐடியில, ஒரு ஆம்பளை நல்லா டீம் வொர்க் பண்ணினதா காலத்துக்கும் பதிவு இருக்கப் போகுது.

வெள்ளிக்கிழமை ரூமை விட்டு வெளியே வந்தப்போ ஆறு இருபது. பஸ் போயிடுச்சு. மெட்ரோவுக்காக ஓஎம்ஆரைத் தோண்டிப் போட்டிருக்கிற லட்சணத்துல ஷேர் ஆட்டோல நசுங்க முடியாதுன்னு ஆப்ல ஆட்டோ போட்டேன். உடனே போன். "எங்கம்மா டிராப்?" வேளச்சேரின்னேன். "கேஷா ஆன்லைனா?" ஆன்லைன்னேன். வெச்சுட்டார், கேன்சல். அடுத்தவர், அதே ரெண்டு கேள்வி, கேன்சல். மூணாவது ஆள், "மேல நூறு போட்டுக் கொடுங்க"ங்கிறார். எங்கே போகணும்னு ஆப்ல போட்டிருக்கேன், எவ்வளவுன்னு ஆப்பே காட்டுது, அப்புறம் எதுக்குய்யா போன் பண்ணிக் கேக்கறீங்க? வர்றதா இருந்தா வாங்க, இல்லேன்னா எடுக்காதீங்க!