பனம்பழம் விழுந்தது சரி, எடுத்தது யார்?

பூஞ்சை தானாக வந்து விழுந்தது, பெனிசிலின் கிடைத்தது. திரை தற்செயலாக ஒளிர்ந்தது, எக்ஸ் கதிர் கிடைத்தது. வாட்ஸ்அப்பில் சுற்றும் இந்தக் கதைகளைப் படித்தால் விஞ்ஞானிகள் எல்லாரும் ஜாதக பலத்தில் பிழைத்தவர்கள் என்றே தோன்றும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்ததாம். கேட்கும்போதெல்லாம் எரிச்சல் வருகிறது.

1938-இல் அமெரிக்காவில் ராய் பிளங்கெட் குளிர்பதன வாயுக்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். ஒருநாள் சிலிண்டரைத் திறந்தால் வாயு வரவில்லை. எடை போட்டால் குறையவும் இல்லை. வால்வு பழுது என்று ஓரமாகத் தள்ளியிருக்கலாம். அவரோ சிலிண்டரையே அறுத்துப் பார்த்தார். உள்ளே வழவழப்பான வெள்ளைத் தூள். நான்ஸ்டிக் தோசைக்கல்லில் பூசும் டெஃப்லான் அதுதான். ஐந்தொகையில் ஒரு காசு இடித்தாலும் விடிய விடியப் பேரேட்டைப் புரட்டும் செட்டிநாட்டுக் கணக்கப்பிள்ளையின் குணம் அது. அதிர்ஷ்டம் என்று அதற்குப் பெயர் வைப்பது அநியாயம்.

இன்னொன்று, சிக்ரி என்ற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கும் காரைக்குடியில் அவசியம் சொல்ல வேண்டியது. மின்வேதியியல் இல்லாமல் அந்தக் கதையே இல்லை. 1960-களில் பார்னெட் ரோசன்பர்க், மின்புலம் செல் பிரிதலைப் பாதிக்கிறதா என்று பார்க்க, பாக்டீரியா வளரும் கரைசலில் பிளாட்டின மின்முனைகளை வைத்தார். பிளாட்டினம் எதோடும் சேராது என்ற நம்பிக்கை. பாக்டீரியாக்கள் பிரியாமல் நூல் நூலாக நீண்டுகொண்டே போயின. காரணம் மின்சாரம் என்று அவர் எழுதியிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். தோண்டித் துருவியதில், மின்முனையிலிருந்து கரைந்த பிளாட்டினம் கரைசலோடு சேர்ந்து உண்டான சேர்மங்களே காரணம் என்று தெரிந்தது. அவற்றிலிருந்து வந்ததுதான் சிஸ்பிளாட்டின். 1978-இல் புற்றுநோய் மருந்தாக அமெரிக்காவில் அனுமதி பெற்றது. வேடிக்கை என்னவென்றால், அந்தச் சேர்மத்தை 1845-லேயே பெய்ரோன் என்பவர் தயாரித்துவிட்டார். நூற்றாண்டுக்கு மேல் புற்றுநோய்க்கு அதைச் சோதித்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

நம் பள்ளிகளில் நடப்பது நேர்மாறு. பக்கத்து வீட்டுப் பெண்ணின் வேதியியல் ரெக்கார்டு நோட்டைப் புரட்டினேன். கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளக்கும் பியூரெட் குழாயின் அளவு மூன்று முறையும் அச்சடித்தாற்போல் 20.0. கீழே ரப்பரால் அழித்த தடத்தில் 18.7 மங்கலாகத் தெரிந்தது. "சரியான விடையை எழுது" என்றார்களாம். அந்த 18.7 எப்படி வந்தது? கரைசல் கெட்டிருந்ததா, பிப்பெட்டில் குமிழி இருந்ததா? கேட்க ஆளில்லை.

விடைக்கு மதிப்பெண் போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அளவு ஏன் விலகியது என்று நாலு வரி எழுதும் பிள்ளைக்கும் இரண்டு மதிப்பெண் ஒதுக்குங்கள். ஆய்வகத்துக்குப் புதிதாக ஒரு சோதனைக்குழாய்கூட வாங்க வேண்டியதில்லை.