கஞ்சத்தனம் என்று சொன்னவருக்கு

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு விருந்தில் நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும் என்பதால், யார், எவர் என்று நான் மீண்டும் சொல்லப்போவதில்லை. சமையலறைக்குள் வந்து, நான் மூன்று வாரம் பாடுபட்டுப் புதுப்பித்த தேக்கு அலமாரியின் கதவை விரலால் தட்டிப் பார்த்து, "இதைத் தூக்கிப் போட்டுவிட்டு மாடுலர் கிச்சன் போட்டிருக்கலாமே, ஏன் இந்தக் கஞ்சத்தனம்?" என்று அவர் கேட்டார். சாப்பிட வந்தவரிடம் முகம் சுளிக்கக் கூடாது என்று பாயசத்தை எடுத்து நீட்டினேன். இங்கே பாயசம் இல்லை, பேசலாம்.

கஞ்சத்தனம் என்றால், இருக்கிற பூச்சின் மேலேயே இன்னொரு கோட் எனாமல் அடித்து அரை நாளில் வேலையை முடித்திருக்க வேண்டும். எங்கள் வீட்டில் இதுவரை அப்படித்தான் நான்கு முறை நடந்திருக்கிறது. நான் செய்தது அந்த நான்கையும் உரித்தெடுத்தது. சமையலறை மரத்தில் முதலில் தாளிப்புப் பிசுக்கைச் சலவை சோடா கரைத்த வெந்நீரால் துடைத்தெடுக்க வேண்டும். இல்லையென்றால் உப்புத்தாள் அடைத்துக்கொள்ளும், மேலே பூசுவதும் ஒட்டாது. பிறகு பழைய பூச்சை இளக்கும் பெயிண்ட் ரிமூவர் தடவி, பெயிண்ட் பாலாடைபோல் சுருங்கி எழும்பியதும் தகட்டால் சுரண்டி, 80, 120, 180, 220 என்று (எண் கூடக்கூடத் தாள் நைசாகும்) ஒவ்வொரு உப்புத்தாளாக, மர ரேகை ஓடும் திசையிலேயே தேய்க்க வேண்டும். முதல் கதவில் அவசரப்பட்டுக் குறுக்கே தேய்த்துவிட்டேன். அப்போது கண்ணுக்குத் தெரியாத கீறல்கள், பூச்சு ஏறியதும் பூனை பிறாண்டியதுபோல் பல்லை இளித்தன. மறுபடி 120-லிருந்து தொடங்கினேன். கஞ்சர்கள் தங்கள் விடுமுறைகளை இப்படித்தான் செலவழிப்பார்கள் போலும்.

பழைய பெயிண்டில் ஈயம் இருக்குமே, குழந்தை உள்ள வீட்டில் இது தேவையா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. வீட்டு பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்கில் 90 பங்கு, என்ற அளவைத் தாண்டக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது; அதற்கு முந்தைய பூச்சில் ஈயம் இருப்பதாகவே எண்ணிக்கொள்ள வேண்டும். அதனால்தான் காய்ந்த பெயிண்டை நான் தேய்க்கவே இல்லை. மகளை அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டு, மொட்டை மாடியில், முகமூடி போட்டுக்கொண்டு, ஈரமாகவே சுரண்டியெடுத்தேன். கறையான் வரும் என்பவர்களுக்கு என்ன சொல்வது? வைரம் பாய்ந்த தேக்கை விட்டுவிட்டு, தண்ணீர் பட்டால் பூரியாக உப்பும் மரத்தூள் பலகையை நம்புகிறவர்கள் நம்பட்டும்.

பாலிஷ் வேலை செய்பவரின் பிழைப்பில் மண்ணைப் போடுகிறாயே என்று ஒரு தோழி கேட்டாள். இருவரைக் கூப்பிட்டேன். ஒருவர், "எனாமலே அடிச்சிடுங்கம்மா" என்றார். இன்னொருவர் வரவே இல்லை. இதற்கு மேல் யாருடைய பிழைப்பை நான் காக்க வேண்டும்?

ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு பாலிஷ்தான் அழகு என்பதும் எனக்குத் தெரியும். கூடத்து அலமாரிக்கு அதைத்தான் போட்டேன். ஐப்பசி மழை ஈரத்தில் அது வெளுத்துப் பால் படிந்ததுபோல் ஆகி, வெயில் வந்த பிறகு ஸ்பிரிட் துணியால் துடைத்து மீண்டும் ஏற்றினேன். சூடான டம்ளரைத் தாங்காத பூச்சு அது என்பதால், சமையலறைக்குப் பாலியூரித்தேன் வார்னிஷ் போட்டேன். செலவும் அதிகம். ஆனாலும் நான் கஞ்சம்.

கடைக்காரரிடம் கொட்டிக் கொடுத்தால் தாராளம், சொந்தக் கையால் தேய்த்தால் கஞ்சத்தனம் என்று எப்போது தீர்மானித்தோம்? என் உள்ளங்கை கொப்பளத்தைப் பார்த்து, "பாவம், ஆள் வைக்க முடியலையா?" என்று கேட்டவரும் அதே விருந்தில்தான் இருந்தார். கையால் வேலை செய்வதே வறுமையின் அடையாளம் என்று எண்ணுகிறவர்களிடம் மரத்தைப் பற்றிப் பேசி என்ன பயன்?

இந்த அலமாரியை 1984-இல் அப்பா செய்வித்தார். தச்சர் வேலை செய்த நாளெல்லாம் பக்கத்திலேயே முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தாராம். நான்கு பூச்சும் போன பிறகு, கீல் பதியும் ஓரத்தில் தச்சர் உளி முனையால் கீறிய எழுத்துகள் தெரிந்தன: வலக் கதவில் 'வ', இடக் கதவில் 'இ'. அப்பா அதைப் பார்த்திருப்பார். அந்த ஓரத்தை மட்டும் உப்புத்தாள் படாமல் விட்டுவிட்டேன்.

அவர் விரலால் தட்டியது 'வ' கதவை. என் குறுக்குக் கீறல்களில் இரண்டு அதில் இன்னும் மிச்சம் இருக்கின்றன. மாலை வெளிச்சம் சாய்வாக விழும்போது நன்றாகவே தெரியும். குறை சொல்ல வந்தவர் அதைக்கூடக் கவனிக்கவில்லை.