பண்டிதர் அரண்மனை வித்வான் இல்லை

"ஆபிரகாம் பண்டிதர் தஞ்சை அரண்மனை வித்வான், ராஜா பணத்துல புத்தகம் போட்டவர்"னு மேலே ஒருத்தர் எழுதியிருக்கார். கணக்கே உதைக்குதே சார். தஞ்சையின் கடைசி மராட்டிய மன்னர் சிவாஜி 1855-லயே காலமாயிட்டார். பண்டிதர் பிறந்ததே 1859-ல, அதுவும் தென்காசிப் பக்கம் சாம்பவர்வடகரையில.

அவர் சித்த வைத்தியர். தஞ்சாவூருக்கு வந்தது பள்ளிக்கூட வாத்தியாரா, மனைவியும் ஆசிரியைதான். அப்புறம் வேலையை விட்டுட்டு முழுநேர வைத்தியத்துல இறங்கினார். கருணானந்தர் சஞ்சீவி மருந்துகள்னு அவர் தயாரிச்சது கடல் தாண்டியும் வித்தது. மூலிகைக்குன்னே ஊருக்கு வெளியே நிலம் வாங்கிப் போட்டார். சனங்க அதைப் பண்டிதர் தோட்டம்னே சொல்லுவாங்க.

இசை மாநாடு கூட்டினது, 1917-ல 'கருணாமிர்த சாகரம்'ங்கற இசை ஆராய்ச்சி நூலை அச்சாக்கினது எல்லாம் இந்த மருந்துக் காசுலதான். 1916 பரோடா இசை மாநாட்டுல அவர் சுருதிக் கணக்கை, அதாவது ஒரு ஸ்தாயியை எத்தனை நுண்ணிய ஒலியா பிரிக்கறதுங்கறதைச் சொல்ல, வீணையில வாசிச்சுக் காட்டினது பெத்த பொண்ணுங்க. அதை யாரும் பேசறதே இல்லை, ராஜா கதையை மட்டும் ஃபார்வர்டு பண்றாங்க.