மால்கம் எக்ஸ் சாகும்வரை வெள்ளையர்களை வெறுத்தாரா?

'வெள்ளையர்கள் எல்லோரும் பிசாசுகள் என்பதுதான் இஸ்லாம் சொல்லும் இனவாத எதிர்ப்பு. மால்கம் எக்ஸ் சாகும்வரை அதைத்தான் பேசினார்' என்று ஒரு பதிவு சுற்றி வருகிறது. இது தவறு.

அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய மால்கம் அப்படிப் பேசியது உண்மைதான். ஆனால் அது 1930இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் தொடங்கிய நேஷன் ஆஃப் இஸ்லாம் என்ற கறுப்பின அமைப்பின் போதனை. அதன் தலைவர் எலைஜா முகம்மதுவை அவர்கள் இறைவனின் தூதர் என்றார்கள். முகம்மது நபியே இறுதித் தூதர் என்று நம்பும் உலக முஸ்லிம்களில் மிகப் பெரும்பான்மையினர் இதை ஏற்பதில்லை.

1964 மார்ச்சில் மால்கம் அந்த அமைப்பிலிருந்து விலகினார். ஏப்ரலில் ஹஜ்ஜுக்குப் போனார். நீலக் கண்ணும் வெள்ளைத் தோலும் கொண்ட முஸ்லிம்களோடு ஒரே தட்டில் சாப்பிட்டதை அங்கிருந்து எழுதிய கடிதத்தில் சொன்னார். தன் பழைய முடிவுகள் சிலவற்றைக் கைவிட நேர்ந்ததையும் மறைக்காமல் எழுதினார்.

சரி, அதற்குப் பிறகு போராட்டத்தை விட்டுவிட்டாரா? இப்படியும் சிலர் பரப்புகிறார்கள். எனக்கு அதிக வருத்தம் தருவது இதுதான். ஜூன் மாதம் ஆப்ரோ-அமெரிக்க ஒற்றுமை அமைப்பைத் தொடங்கினார். ஜூலையில் கெய்ரோவில் கூடிய ஆப்பிரிக்க நாட்டுத் தலைவர்களிடம், அமெரிக்கக் கறுப்பின மக்களின் பிரச்சினையை ஐ.நா.வுக்குக் கொண்டுபோகும்படி கேட்டார். 1965 பிப்ரவரி 21 அன்று நியூயார்க்கில் சுட்டுக் கொல்லப்பட்டபோதும், தான் தொடங்கிய அந்த ஒற்றுமை அமைப்பின் கூட்டத்தில்தான் பேச நின்றிருந்தார்.

எலைஜா 1975இல் இறந்ததும், அவர் மகன் வாரித் தீன் முகம்மது நேஷன் ஆஃப் இஸ்லாம் உறுப்பினர்களில் பெரும்பாலோரை சுன்னி இஸ்லாத்துக்கு அழைத்துச் சென்றார். பழைய போதனையை அப்புறம் மறுபடியும் கையிலெடுத்தவர் அதே அமைப்பில் போதகராக இருந்த லூயிஸ் ஃபராக்கான்.