இருமல் இல்லைன்னா இதயம் நல்லாருக்குன்னு அர்த்தமில்லைங்க
மேலே ஒரு அண்ணன், 'பூனை இருமலைன்னா இதயத்துல கோளாறு இல்ல, வாயைத் திறந்து மூச்சு வாங்குறது சேலம் வெயிலுக்குத்தான்'னு எழுதியிருக்கார். தப்புங்க. இருமல் கணக்கு நாய்க்கு; இதய நோய் வந்த பூனை பெரும்பாலும் இருமாது. எங்க அஸ்தம்பட்டி வீட்டுப் பூனைக்கு இதயத் தசை தடிச்சிருக்கிறது எக்கோ (இதயத்தைப் பார்க்குற ஸ்கேன்) எடுத்தப்பதான் தெரிஞ்சது. தினமும் அது அசந்து தூங்குறப்போ, விலா ஏறி இறங்குறதை 30 நொடி எண்ணி ரெண்டால பெருக்குவேன் (கனவு கண்டு மீசை துடிக்கிறப்ப எண்ணாதீங்க, கணக்கு தப்பும்). நிமிஷத்துக்கு 30-ஐத் தாண்டியே நின்னா டாக்டருக்குப் போன் போட்டுடுவேன். வாயால மூச்சு வாங்கினாலோ, பின்னங்கால் திடீர்னு செயலிழந்து ஜில்லிட்டாலோ எண்ணிக்கிட்டு உட்காராம தூக்கிட்டு ஓடுங்க. காலுக்குப் போற குழாயை ரத்தக்கட்டி அடைச்சிருக்கலாம். வலியில கத்துதேன்னு நம்ம பாராசிட்டமாலைக் கொடுத்துடாதீங்க, பூனைக்கு அது விஷம்.