கரண்ட் போனா ஓடுமா தம்பி?

"தம்பி, வெயில் மண்டையைப் பொளக்குது. மாடி பூரா நீ வச்ச பேனல் பளபளன்னு இருக்கு. கீழ ஃபேன் நிக்குது. இது என்னப்பா கணக்கு?"

2024 கடைசியில் வந்த போன் இது. பேசியவர் ரிட்டயர்டு வாத்தியார், மதுரையில் திருநகர் பக்கம் வீடு. சோலார் கம்பெனியில் சேல்ஸுக்குச் சேர்ந்த பிறகு நான் பிடித்த நாலாவது ஆர்டர் அவருடையது. அன்றைக்கு அவர் ஏரியாவில் மாதாந்திரப் பராமரிப்பு, காலை 9 மணியிலிருந்து சாயங்காலம் 5 மணி வரை கரண்ட் கட். தெருவில் எல்லா வீட்டிலும் ஃபேன் நின்றிருக்கும். ஆனால் மாடியில் 2 லட்ச ரூபாய்க்கு பேனலை ஏற்றிவிட்டு வேர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் அவர் ஒருவர்தான்.

வீடுகளில் நாங்கள் போடுவது பெரும்பாலும் ஆன்-கிரிட் சிஸ்டம், அதாவது ஈ.பி. லைனோடு சேர்ந்து ஓடுவது. பேட்டரி கிடையாது. பேனல் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றுகிற பெட்டிதான் சோலார் இன்வெர்ட்டர். லைனில் கரண்ட் இருந்தால்தான் அது ஓடும், லைன் போனால் அதுவும் தானாக நின்றுவிடும். நிற்கத்தான் வேண்டும். நம் வீட்டு மாடியிலிருந்து கரண்ட் லைனுக்குள் போய்க்கொண்டே இருந்தால், சப்ளையை நிறுத்திவிட்டோம் என்று நம்பி கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேன் கதி என்ன? அவருக்காகத்தான் அந்த ஏற்பாடு. இதைச் சொன்னால் ஒன்றாங்கிளாஸ் பிள்ளைக்கும் புரியும். நான் சொல்லவில்லை.

அவர் கேட்கவே கேட்டார். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, "கரண்ட் போனா ஓடுமா தம்பி?" என்றார். "சார், சோலார் வந்துட்டா கரண்ட்டப் பத்தி கவலையே எதுக்கு சார்?" என்றேன். பொய் இல்லை, பதிலும் இல்லை. சீனியர் ஒருவர் சொல்லிக்கொடுத்த வசனம் அது. அந்த மாதம் எனக்கு இன்சென்டிவ் வந்தது.

அன்றைக்கு வண்டியை எடுத்துக்கொண்டு நேரே அவர் வீட்டுக்குப் போனேன். ஒரு மணி நேரம் திட்டு வாங்கினேன். நடுவில் அவர் வீட்டம்மா மோர் கொடுத்தார், அதுதான் ரொம்பச் சுட்டது. அதற்குப் பிறகு எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் சொல்வது இந்த ஒரு விஷயத்தைத்தான். பத்து வீட்டில் நாலு வீடு அங்கேயே பின்வாங்கிவிடும். "அப்புறம் எதுக்குப்பா இது?" என்பார்கள். எதற்கு என்றால், பில்லுக்கு. கரண்ட் கட்டுக்கு மருந்து வேண்டுமென்றால் பேட்டரியோடு ஹைபிரிட் போட வேண்டும், அது வேறு விலை. இவ்வளவுதான் சங்கதி. ஆனால் விளம்பரத்தில் 'இலவச மின்சாரம்' என்று போட்டுவிடுகிறோம், சூரியன் வீட்டுக்குள் வந்து ஸ்விட்ச் போடுவதுபோல ஜனங்கள் நினைத்துக்கொள்கிறார்கள்.

அடுத்த சிக்கல் நம்ம ஊர்க் கட்டணம். 2024 ஜூலை கட்டணப்படி ரெண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் நமக்கு இலவசம். ரெண்டு மாதத்துக்கு 300 யூனிட் ஓட்டுகிற குடும்பத்துக்கு பில் 700 ரூபாய் வாக்கில் வரும். வருஷத்துக்கு 4,200. இவர்களுக்கு 3 கிலோவாட் போட்டால், 2 லட்சத்தில் மானியம் 78,000 போக 1,22,000 கைக்காசு. அதை 4,200-ஆல் வகுத்துப் பாருங்கள், 29 வருஷம். பேனலுக்கே 25 வருஷம்தான் வாரண்ட்டி. சின்னதாக 1 கிலோவாட் போட்டாலும் போட்ட காசு திரும்ப பத்து வருஷத்துக்கு மேல்.

அதே கணக்கை 800 யூனிட் வீட்டுக்குப் போடுங்கள். ரெண்டு ஏசி, கூட்டுக் குடும்பம், போர் மோட்டார். அதே கட்டணப்படி 600-ஐத் தாண்டினால் யூனிட் 9 ரூபாய் 65 காசு. பில் 5,000-ஐ நெருங்கிவிடும். 3 கிலோவாட் பேனல் ஒரு நாளைக்கு 12 யூனிட் தரும். மேகம், தூசி எல்லாம் கழித்து ரெண்டு மாதத்துக்கு 650 என்று வையுங்கள். கழிவது உச்சியில் இருக்கிற விலையுள்ள யூனிட்டுகள், மிஞ்சுவது அடியில் இருக்கிற மலிவான யூனிட்டுகள். அந்த வீட்டுக்கு நாலரை, ஐந்து வருஷத்தில் போட்ட காசு திரும்பிவிடும். அவர்களிடம் பேச எனக்குக் கூச்சமே கிடையாது, கையைப் பிடித்து இழுத்தாவது போடச் சொல்வேன்.

ஆக, நல்ல சேல்ஸ்மேன் முதலில் கேட்க வேண்டியது ஈ.பி. கார்டு. அதைப் பார்த்துவிட்டு பாதிப் பேரிடம் "உங்களுக்கு வேண்டாம்ண்ணே" என்று சொல்ல வேண்டும். ஆனால் கம்பெனி என் டார்கெட்டை எண்ணுவது கிலோவாட்டில். வேண்டாம் என்று சொன்ன வீட்டுக்கு ஷீட்டில் கட்டமே இல்லை. திங்கட்கிழமை மீட்டிங்கில் அது 'லாஸ்ட் லீடு', கைநழுவிப் போன கஸ்டமர். "கஸ்டமர் கேக்குறான், குடுக்க வேண்டியதுதான, உனக்கென்ன?" என்பார் மேனேஜர். அவரும் கெட்டவர் இல்லை, அவருக்கு மேலே ஒரு ஷீட் இருக்கிறது.

மாடி ஏறினால் அது தனி உலகம். 3 கிலோவாட்டுக்கு நிழல் விழாத இடம் 300 சதுர அடியாவது வேண்டும். தண்ணீர் டேங்க், பக்கத்து வீட்டுத் தென்னை, ரெண்டாம் மாடி எழுப்பப் போகும் எதிர்வீட்டுக்காரர் என்று எல்லாம் என் எதிரிகள். இவர்களையெல்லாம் சமாளித்துவிட்டு டேப்பைப் பிடித்து அளந்துகொண்டிருக்கும்போது, வேட்டியில் காய்கிற கூழ்வத்தலைக் காட்டி வீட்டம்மா கேட்பார்: "இதை நான் எங்க காயப்போட?" அய்யா அட்வான்ஸ் கொடுத்திருந்தாலும் இந்தக் கேள்விக்குப் பதில் இல்லையென்றால் ஆர்டர் காலி. ஆள் நிமிர்ந்து நடக்கிற உயரத்துக்கு ஸ்ட்ரக்சரைத் தூக்கலாம், அதற்கு இரும்பு கூட, காசு கூட. என் அனுபவத்தில் சோலார் முடிவை எடுப்பது முக்கால்வாசி வத்தல்தான்.

காசு என்றதும் ஞாபகம். வாட்ஸ்அப்பில் நாலு கொட்டேஷனை வரிசையாக வைத்து "இவன் 20,000 கம்மியா சொல்றானே" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பேனல் விலை எல்லோருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். குறைப்பவர் கை வைப்பது உங்கள் கண்ணுக்குத் தெரியாத இடத்தில். ஸ்ட்ரக்சர் பைப்பின் கனம், கேபிள், எர்த் குழி. பேனலிலிருந்து வரும் டிசி கரண்டுக்கு, வீட்டுக்குப் போகும் ஏசி கரண்டுக்கு, இடிதாங்கிக்கு என்று மூன்று குழி தோண்ட வேண்டும். ஒரே குழியில் மூன்று கம்பியையும் இறக்கி மண்ணைத் தள்ளிவிட்டுப் போன வேலையை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஐப்பசி இடிக்கு அந்த வீடு தப்பினால் புண்ணியம்.

மானியம், நெட் மீட்டர் (லைனுக்குக் கொடுத்த யூனிட்டையும் எடுத்த யூனிட்டையும் கணக்கு வைக்கிற மீட்டர்), பேப்பர் வேலை பற்றி எழுதினால் இந்தப் பதிவு முடியாது. ஒன்று மட்டும்: ஈ.பி. இணைப்பு இன்னும் காலமான அப்பா பெயரில் இருந்தால் முதலில் பெயரை மாற்றிவிட்டு என்னைக் கூப்பிடுங்கள். மானியம் நேரே உங்கள் வங்கிக் கணக்குக்குத்தான் வரும், என் பாக்கெட்டுக்கு அல்ல. தாமதமானால் தினம் காலையில் எனக்கு 'குட் மார்னிங்' அனுப்பி வேவு பார்க்க வேண்டாம்.

வாத்தியாருக்கு இப்போது கோபம் இல்லை. பராமரிப்பு நாளில் மட்டும் மறக்காமல் போன் அடித்து, "இன்னைக்கு உன் சூரியன் லீவு" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவார். போன வாரம் கூப்பிட்டது வேறு விஷயம். அவர் மச்சினன் வீட்டுக்கும் போட வேண்டுமாம். "அவன் அடம் பிடிக்கிறான், என் மாடியைப் பார்த்துட்டு. வந்து பாரு."

ஈ.பி. கார்டை போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். கடைசி நாலு பில்லும் 280, 260, 310, 290 யூனிட்.

நாளைக்குக் காலை பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். மாசக் கடைசி. டார்கெட்டுக்கு இன்னும் 3 கிலோவாட் பாக்கி.